வரைபடம் முதலில், ஊர் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பின்நவீனத்துவம், அதாவது நிலையான உண்மை என்று ஒன்று உண்டா என்று சந்தேகிக்கும் சிந்தனை பற்றி வந்த கட்டுரையை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து படித்தேன். டிவியும் செல்போனும் வந்தபிறகுதான் நிஜமும் நகலும் கலந்துபோயின என்கிற மாதிரி கட்டுரையாளர் எழுதியிருந்தார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார், நிஜமும் நகலும் பற்றி 1981இல் எழுதிய புத்தகம் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸின் குட்டிக்கதை ஒன்றோடு தொடங்குகிறது. ஒரு பேரரசின் வரைபடத்தை அந்தப் பேரரசின் அளவுக்கே வரைகிறார்கள். போத்ரியார் அதைப் புரட்டிப்போட்டு, இப்போதெல்லாம் வரைபடம்தான் முதலில் வருகிறது, நிலம் அதற்குப் பிறகுதான் என்றார். பாரிஸில் இது புதுசாக இருந்திருக்கலாம், எங்களுக்குப் பழைய கதை. 1950இல் இங்கே வெள்ளையர் ஆட்சியில் இரண்டு சட்டங்கள் வந்தன. யார் எந்த இனம் என்று பதிவேட்டில் எழுத ஒன்று, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைக்க இன்னொன்று. டர்பனில் உள்ள கேட்டோ மேனர் பகுதியில் நம் இந்திய வம்சாவளி ஆட்கள் காய்கறித் தோட்டம் போட்டு, வீடு கட்டி, கோயில் கட்டி, பிள்ளைகுட்டிகளோடு இருந்தார்கள், 1958இல் அது வெள்ளையர் பகுதி என்று அறிவித்து எல்லோரையும் கிளப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடங்களில் பெரியது சாட்ஸ்வொர்த், யூனிட் யூனிட்டாக நம்பர் போட்டுக் காகிதத்தில் பிறந்த ஊர். இதில் கூத்து என்னவென்றால், காலி செய்த இடத்தில் வெள்ளையரும் வந்து குடியேறவில்லை, பெரும்பகுதி பல வருடம் புதர் மண்டிக் கிடந்தது, அங்கங்கே கோயில் மட்டும் நின்றது. வரைபடத்தில் வெள்ளையர் ஊர், தரையில் ஈ காக்காய் இல்லை! இதைப் பார்த்திருந்தால் நகல் உலகத்துக்குப் போத்ரியார் அமெரிக்கக் கேளிக்கைப் பூங்கா டிஸ்னிலேண்டை உதாரணம் காட்டியிருக்கவே மாட்டார்.

சரி, போத்ரியார் சொன்னது பலித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கட்டுரையாளர் அதிலிருந்து, எல்லாமே பிம்பம்தான், பின்னால் ஒன்றுமே கிடையாது என்று முடிக்கிறாரே, அதை எங்களால் ஏற்க முடியாது. அந்த வரைபடத்துக்குப் பின்னால் வரைந்த அதிகாரி இருந்தார், ஒப்புதல் தந்த அமைச்சர் இருந்தார், வீடு இழந்தவர்கள் இருந்தார்கள். எல்லாம் வெறும் பிம்பம் என்றால் 1994இல் நிலத்தைத் திருப்பிக் கேட்க ஒரு சட்டம் எதற்கு, கேட்டோ மேனர்காரர்கள் மனு போட்டது எதை வைத்து?

கம்ப்யூட்டரில் நிஜம்போலவே செய்யும் போலி வீடியோக்கள் (டீப்ஃபேக்) பற்றியும் எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். உண்மை செத்துவிட்டதா என்று மறுபடி ஆரம்பிக்காமல், அதைச் செய்தது யார், காசு கொடுத்தது யார் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்