மாவட்ட கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: செருப்ப எண்ணி வீட்டுக்கு சர்டிபிகேட் குடுக்காதீங்க

டெக்சஸ் ஸ்கூல் விளையாட்டுல யார் ஆடலாம்னு முடிவு பண்ற, மதிப்புக்குரிய டிஸ்ட்ரிக்ட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஸ்கூல் மாறி வந்த என் பொண்ணு கிராஸ் கண்ட்ரி (புல்வெளில ஓடுற நெடுந்தூர ஓட்டம்) ஓடுறவ, அவ ஒரு வருஷம் வார்சிட்டில, அதாவது ஸ்கூலோட மொத டீம்ல, ஓடக் கூடாதுன்னு செப்டம்பர்ல நீங்க எடுத்த முடிவு பத்தித்தான் எழுதுறேன். ஃபைல் உங்ககிட்டயே இருக்கு. லீஸ், கரண்ட் பில், பே ஸ்டப், பழைய வீட்டு சாவிய ஓனர்கிட்ட ஒப்படைச்ச ரசீது வரைக்கும் குடுத்தாச்சு, அதையெல்லாம் மறுபடி ஒப்பிக்கப் போறதில்ல. இங்கிலீஷ்ல நாலு ஈமெயில் போட்டேன், ஒண்ணுக்குத்தான் பதில் வந்துச்சு, முடிவுல மாத்தம் இல்லன்னு ஒத்த வரி. தமிழ்ல எழுதினா உங்களுக்குப் புரியாதுன்னு தெரியும். இங்கிலீஷ்ல எழுதினப்ப மட்டும் என்ன புரிஞ்சுது. டெக்சஸ்ல ஹைஸ்கூல்ல பிள்ளைய வச்சிருக்கிற நம்ம ஆளுங்க நாலு பேராவது இதப் படிச்சுட்டு வீடு மாறுறதுக்கு முன்னாடி உஷாரா இருக்கட்டும், யாராவது ஒரு புண்ணியவான் மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்பினாலும் சந்தோஷம்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஃபிப்ரவரில ட்ராக் (மைதானத்து ஓட்டப் பந்தயம்) சீசன் ஆரம்பிக்கப் போகுது, அதுக்குள்ள இந்த கேஸ மறுபடி எடுத்துப் பாருங்க, அவள வார்சிட்டில ஓட விடுங்க.

அந்த வீட்டு விசிட் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா உங்க ரிப்போர்ட்ல அது ஒரு பாராதான் இருக்கு. செப்டம்பர்ல ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஸ்கூல் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார், மரியாதையான மனுஷன், அவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ரெண்டாவது மாடி அபார்ட்மெண்ட், ரெண்டு பெட்ரூம், ஹால் பூரா இன்னும் பிரிக்காத பொட்டி. அடுப்புல சாம்பார் கொதிச்சுட்டு இருக்கு. உள்ள வந்ததும் கதவு பக்கத்துல இருந்த செருப்பையெல்லாம் பாத்தார், என்னோடது, பொண்ணோட ஸ்பைக்ஸ், சின்னவனோட குரோக்ஸ். "இதுல உங்க ஹஸ்பண்டோடது எது"ன்னு கேட்டார். மூலைல ஒரு பழைய பாட்டா செருப்பு கெடந்துச்சு, அதக் காட்டினேன். அப்பறம் பெட்ரூம் க்ளாசெட்ட பாக்கலாமான்னு கேட்டார், மாட்டேன்னா சொல்ல முடியும், தெறந்து காட்டினேன். ரெண்டு சட்ட, ஒரு வேட்டி, ஊர்லேர்ந்து கொண்டாந்த ஒரு சால்வ. மத்ததெல்லாம் என் வீட்டுக்காரர் கூட நார்த் கரோலினா சார்லட்ல இருக்கு, வேல அங்கதானே. பாத்ரூம்ல பிரஷ் எத்தனன்னு அவர் எண்ணினத நானே பாத்தேன். மூணு. சின்னவனக் கூப்பிட்டு சிரிச்சுக்கிட்டே அப்பா எங்கன்னு கேட்டார், "அப்பா இஸ் இன் சார்லட்"டுன்னான், ஆறு வயசுப் பையன், உண்மையத்தான் சொன்னான். அதுவும் ரிப்போர்ட்ல ஏறிடுச்சு.

அவர் போனப்பறம் என் பொண்ணு வந்து என்ன செஞ்சா தெரியுமா. அவங்க அப்பாவோட பழைய ரன்னிங் ஷூ ஒரு பொட்டில இருந்துச்சு, அதத் தேடி எடுத்துத் தொடச்சு கதவுகிட்ட அடுக்கி வச்சா, "மறுபடி வந்தா இருக்கட்டும்மா"ன்னா. பதினாறு வயசுப் பொண்ணு, தன் அப்பா தன் அப்பாதான்னு நிரூபிக்க ஷூ அடுக்குறா. அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு எறங்கல.

என் வீட்டுக்காரருக்கு ஏப்ரல்ல வேல போச்சு. எச்-1பி வேல விசால இருக்கிறவனுக்கு வேல போனா 60 நாள், அதுக்குள்ள வேற கம்பெனி எடுத்துக்கலன்னா பொட்டியக் கட்டணும், இது உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்ல. அம்பதாவது நாள்ல கெடச்சது சார்லட் வேல, எடுத்துக்கிட்டார். வாடக வீட்டோட லீஸ் ஜூன்ல முடிஞ்சுது, ஓனர் வாடகைய ஏத்தினார், ரெண்டு ஊர்ல ரெண்டு வாடக குடுக்கணும், அதனால நாலு மைல் தள்ளி இந்த அபார்ட்மெண்டுக்கு வந்தோம். அந்த நாலு மைலுக்கு நடுவுல எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஸ்கூல்னு பிரிக்கிற உங்க அட்டெண்டன்ஸ் ஜோன் கோடு ஓடுதுன்னு எனக்கு ஸ்கூல்ல சேக்கப் போனப்பத்தான் தெரியும். வாடக கம்மின்னு பாத்து வந்தோமே தவிர கோச்ச பாத்து வரல.

இப்ப டெக்சஸ் ஸ்கூல் போட்டிகள நடத்துற யூ.ஐ.எல். அமைப்போட ரூல்ல குடும்பம் உண்மையிலேயே இங்கதான் குடியிருக்கான்னு பாக்க கேள்விகள் இருக்கு. அந்த ஜோன்ல வீடு வாங்கியோ வாடகைக்கோ இருக்கா, சாமான் செட்டெல்லாம் அங்க இருக்கா, லெட்டர் அங்க வருதா, அப்பா அம்மா அங்க ஓட்டு ரிஜிஸ்டர் பண்ணிருக்காங்களா, காலவரையில்லாம அங்கயே இருக்கிற எண்ணம் இருக்கா. முதல் மூணுக்கும் பதில் இருக்கு, குடுத்துட்டேன். நாலாவதுக்கு நான் என்ன பண்றது? சிட்டிசன் இல்லாதவங்க ஓட்டு ரிஜிஸ்டர் பண்ணினா அது குத்தம், பண்ணலன்னா உங்க ஃபார்ம்ல ஒரு டிக் கொறையுது. அந்த எடத்துல "இல்லை"ன்னு எழுதினப்ப என் கை நடுங்குச்சு, ஏதோ தப்பு பண்ணினவ மாதிரி. அஞ்சாவது கேள்வி இன்னும் அழகு. காலவரையில்லாம இருப்பீங்களான்னு கேக்குறீங்க, இந்தியாவுல பொறந்தவங்களுக்கு க்ரீன் கார்ட் க்யூ பத்து வருஷத்துக்கு மேல நீண்டு கெடக்கு, எங்களுக்கு மட்டும் ஆச இல்லயா, அந்தக் கேள்விய நீங்க வாஷிங்டன்ல கேட்டு பதில் வாங்கிக் குடுத்தா நான் ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுறேன்.

சாரி, கோவம் வந்துடுச்சு. மரியாதையாத்தான் கேக்கணும்னு ஒக்காந்தேன்.

அடுத்து அந்த ஃபார்ம். ஸ்கூல் மாறுற பிள்ளைக்கு பழைய ஸ்கூல் ஒரு பேப்பர் நிரப்பணும், விளையாட்டுக்காகத்தான் மாறினாளான்னு அதுல ஒரு கேள்வி. பழைய கோச் ஆமான்னு போட்டுட்டார். காரணம் ஜூலைல அவ புது ஸ்கூல் பொண்ணுங்களோட பார்க்ல ஓடினாளாம். அபார்ட்மெண்டுக்கு எதுத்தாப்புலதான் அந்தப் பார்க், டெக்சஸ் ஜூலைல காலைல ஆறு மணிய விட்டா ஓட முடியாது, அந்த நேரத்துல அங்க ஓடுறவங்க அவங்கதான், தனியா ஓடாதன்னு சேத்து விட்டதே நான்தான். அந்த கோச்சுக்கும் தன் டீம்ல நல்லா ஓடுற ஒரு பொண்ணு போயிடுச்சேங்கிற வருத்தம் இருந்திருக்கும், மனுஷந்தானே. ஆனா அந்த வருத்தத்த நீங்க சாட்சியா எடுத்துக்கலாமா?

அதுக்கும் மேல, உங்க கமிட்டில ஒக்காந்திருக்கிறது யாரு? அதே மாவட்டத்துல, அதாவது ஒண்ணுக்கொண்ணு போட்டி போடுற ஸ்கூல் குழுவுல, எங்க ஸ்கூலோட மோதுற மத்த ஸ்கூல்காரங்க. அவ ஓடக் கூடாதுன்னு கை தூக்கினா நாளைக்கு ரேஸ்ல லாபம் அவங்களுக்கு. வேலிக்கு ஓணான் சாட்சின்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. உங்கள்ல யாரும் தப்பான எண்ணத்துல ஓட்டு போட்டீங்கன்னு நான் சொல்லல, நெஜமா சொல்லல, ஆனா அந்த நாற்காலில யார ஒக்கார வச்சாலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ரூல் ஏன் வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். ஃபுட்பால்ல குவார்ட்டர்பேக் பையன வளைச்சுப் போடுறதுக்கு அட்ரஸ் மாத்துறது, ஆளே குடியில்லாத அபார்ட்மெண்ட் லீஸ் போடுறதுன்னு இங்க நடக்குற கூத்த எல்லாருந்தான் பாக்குறோம். ரூலே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஃப்ளோரிடால 2016ல ஸ்கூல் மாறினாலும் ஆடலாம்னு சட்டம் போட்டு கதவத் தெறந்து விட்டாங்க, வெஸ்ட் வர்ஜீனியால 2023ல ஒரு தடவ மாறலாம்னாங்க, அங்கெல்லாம் நல்ல ப்ளேயர் எல்லாம் ஒரே ஸ்கூல்ல போய் குவிஞ்சுட்டாங்கன்னு பொலம்பல் கேக்குது, நியாயமான பொலம்பல்தான். ஆனா கிராஸ் கண்ட்ரில ஸ்டேடியம் டிக்கெட்டா விக்குது? புல்லுல அஞ்சு கிலோமீட்டர் ஓடி வாந்தி எடுக்குற விளையாட்டு சார் இது, பாக்க வர்றது அப்பா அம்மா மட்டுந்தான், அதுலயும் எங்க வீட்ல பாதிதான். எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதையா ஃபுட்பாலுக்குப் போட்ட ரூல எங்க மேல எறக்கிட்டீங்க.

"அவ ஓடலாமே, ஜேவில ஓடலாம்"னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னார். ஜேவின்னா வார்சிட்டிக்குக் கீழ இருக்கிற ரெண்டாவது டீம். ஓடினா. அக்டோபர்ல டிஸ்ட்ரிக்ட் மீட்ல ஜேவி ரேஸ் காலைல மொதல்ல, ஃபர்ஸ்ட் வந்தா, 19 நிமிஷம் 52 செகண்ட். அதுக்கப்பறம் வார்சிட்டி ரேஸ். ஏழு பேர் ஓடுவாங்க, மொதல்ல வர்ற அஞ்சு பேரோட எடத்தக் கூட்டுறதுதான் பாயிண்ட், கம்மியா இருந்தா நல்லது, எங்க ஸ்கூல் அஞ்சாவது பொண்ணு வந்தது 20 நிமிஷம் தாண்டி. ஆறு பாயிண்ட்ல ரீஜனல், அதாவது அடுத்த கட்டப் போட்டி, கைவிட்டுப் போச்சு. ஜேவிக்கு அந்த மீட்டோட சீசன் முடிஞ்சுது, அதுக்கு மேல ரீஜனலும் இல்ல ஸ்டேட்டும் இல்ல. அவ கழுத்துல ஜேவி மெடலோட, வார்சிட்டி பொண்ணுங்க கழட்டிப் போட்ட ஸ்வெட் ஷர்ட்டையெல்லாம் கைல சுமந்துக்கிட்டு ஃபினிஷ் லைன்ல நின்னா. அந்த அஞ்சாவது பொண்ணு அழுதுக்கிட்டே வந்து இவ மேல சாஞ்சா. இவதான் தண்ணி குடுத்து சமாதானப்படுத்தினா. நவம்பர்ல ரவுண்ட் ராக்ல ஸ்டேட் மீட் நடந்தப்ப ஃபோன்ல ரிசல்ட் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ஷூ மாட்டிக்கிட்டு பார்க்குக்கு ஓடப் போயிட்டா.

11ஆம் க்ளாஸ்தான் காலேஜ் கோச்சுங்க கண்ணு வைக்கிற வருஷம்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா. ஒரு வருஷம்னா பெரியவங்களுக்கு ஒரு காலண்டர், ஹைஸ்கூல் பிள்ளைக்கு மொத்தமே நாலு சீசன், அதுல ஒண்ணு.

காலேஜ் விளையாட்ட நடத்துற என்.சி.ஏ.ஏ. அமைப்பே 2024 ஏப்ரல்ல எத்தன தடவ வேணா மாறிக்கோ, படிப்பு ஒழுங்கா இருந்தா ஒடனே ஆடுன்னு விட்டுட்டாங்க, அங்க பசங்களுக்குக் காசும் வருது. கோச் ஒருத்தர் மே மாசம் வேற ஸ்கூலுக்குப் போனா ஆகஸ்ட்ல விசில் ஊதுறார், அவர் வீட்டு செருப்ப யாரும் எண்ணல. வீடில்லாம தவிக்கிற பிள்ளைங்க படிப்புக்கு 1987லேர்ந்து ஃபெடரல் சட்டம் இருக்கு, அவங்கள ஒடனே ஸ்கூல்ல சேக்கணும்னும், விளையாட்டுலயும் அவங்களுக்குத் தடையா இருக்கிறத எடுக்கணும்னும் பின்னாடி சேத்தாங்க, ரொம்ப நல்ல சட்டம். எங்களுக்கு வீடு இருக்கு பாருங்க, அதான் பிரச்சன. அதுவும் அப்பா ஒரு ஊர்ல நாங்க ஒரு ஊர்லன்னதும் குடும்பம் பிரிஞ்சு போச்சோன்னு உங்கள்ல ஒருத்தர் கேட்டார். வேலைக்காக அப்பா வெளியூர்ல இருக்கிறதுக்குப் பேரு பிரிவுன்னா துபாய், சிங்கப்பூர்னு போன ஆளுங்க இருக்கிற எங்க தெருல பாதி வீடு பிரிஞ்ச வீடுதான்.

சரி, எங்கயோ போயிட்டேன், திரும்ப வர்றேன். தயவுசெஞ்சு ட்ராக் சீசனுக்கு முன்னாடி கேஸ மறுபடி எடுங்க. 1600, 3200 மீட்டர் ரெண்டுலயும் அவ வார்சிட்டி ஓடட்டும். விசா குடும்பத்துக்கு ஓட்டு ரிஜிஸ்ட்ரேஷன் கேள்விய கணக்குல எடுக்காதீங்க, வெளியூர்ல வேல பாக்குற அப்பாவ ஓடிப்போன அப்பாவா எழுதாதீங்க. ஸ்டேட் கமிட்டிக்கு அப்பீல் போகலாம்னு தெரியும், பேப்பர் ரெடியா இருக்கு, ஆனா அதுக்கு ஆஸ்டின் வரைக்கும் போய் நிக்குறதுக்கு முன்னாடி உங்ககிட்டயே இன்னொரு தடவ கேக்குறதுதான் முறைன்னு என் வீட்டுக்காரர் சொன்னார், அவர் என்னை விடப் பொறுமைசாலி.

மறுபடி வீட்ட வந்து பாக்கணும்னா தாராளமா வாங்க. புதன்கிழமை வேணாம், மாசத்துல ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை வாங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ளைட்ல அவர் வந்துடுவார். பிரஷ் நாலு இருக்கும். டீ போட்டு வைக்கிறேன், க்ளாசெட் கதவையும் நானே தெறந்து வச்சிடுறேன்.

இப்படிக்கு,
ஜேவில ஃபர்ஸ்ட் வந்த பொண்ணோட அம்மா