இரண்டு முத்த ஸ்டாம்பு

ஆக்ஸ்ஃபோர்டு,
டிசம்பர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா? இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. சின்னவளுக்கு வாசித்துக்காட்ட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். அன்றிலிருந்து உங்கள் நினைப்புத்தான்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை எழுதியவர், இந்த ஊரில் பேராசிரியராக இருந்த டோல்கீன், 1920 முதல் 1943 வரை தன் நான்கு பிள்ளைகளுக்கும் வட துருவத்திலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோலக் கடிதம் எழுதியிருக்கிறார். படங்களும் அவர் வரைந்தவையே. தாத்தாவுக்கு 1,900 வயது தாண்டிவிட்டதால் எழுத்து நடுங்குகிறது. இடையில் புகுந்து எழுதும் பனிக்கரடிக்கு முரட்டுத் தடி எழுத்து. செயலாளராக வரும் எல்ஃப் என்ற மாய மனிதனுக்கு மெல்லிய சாய்வெழுத்து. தபால்காரர் நீங்கள், உறையைப் பார்த்ததுமே யார் கையெழுத்து என்று சொல்லிவிடுவீர்களே, நீங்கள்கூட இது மூன்று பேர் எழுதியது என்றுதான் சொல்வீர்கள்.

கரடியோடு இரண்டு குட்டிகள் இருக்கின்றன, பாக்சு, வால்கோதுக்கா என்று. வார்டில் என்னோடு வேலை பார்க்கும் பின்லாந்துப் பெண்ணிடம் கேட்டேன். 'தடியன்', 'வெள்ளைமுடி' என்று அர்த்தமாம். கரடியின் சொந்தப் பெயர் கார்ஹு. அதுவும் அவர்கள் பாஷையில் கரடிதான். டோல்கீன் மாணவராக இருந்தபோதே அந்த மொழியைப் படித்தவர். ஆனால் சின்னவளின் சந்தேகம் வேறு. "கரடி அவங்களுக்கு மாமாவா, பெரியப்பாவா?" என்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மாமா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என்னைத் தூங்கவிடாதது ஸ்டாம்புதான். அதையும் கையால் வரைந்து, விலை 'இரண்டு முத்தம்' என்று போட்டிருக்கிறார். சில வருஷம் பனி தூவிய உறை வீட்டுக்குள்ளேயே கிடக்குமாம். சில வருஷம் தபால்காரரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்! செல்லாத ஸ்டாம்பு ஒட்டிய கடிதத்துக்கு இரட்டைக் கட்டணம் வாங்காமல் கொடுக்க மாட்டீர்களே, அப்பா. அந்த மனிதரிடம் டோல்கீன் என்ன சொல்லியிருப்பார்? வாசலில் ஓடிவந்து நின்ற பிள்ளைகளிடம் அந்தத் தபால்காரர் எப்படி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நார்த்மூர் ரோட்டுக்கு நடந்து போனோம். 1930 முதல் 1947 வரை டோல்கீன் குடியிருந்த வீட்டில் வட்டமாக ஒரு நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் கடிதக்கட்டோடு வந்த தபால்காரரைத்தான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சின்னவள் சொல்லிவிட்டாள், தாத்தா தபால்காரர், அவருக்குத்தான் தெரியும் என்று. அப்படி ஓர் உறை உங்கள் பையில் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவள் பெயருக்கே தனியாக எழுதுங்கள். ஃபோனில் சொல்லிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்பு மகள்