சமையலை ஏற்றுக்கொண்ட சண்முகத்துக்கு

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு விஜயா கைத்தடி இல்லாமல் கூடம் வரை நடக்கிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவள் குணமாகும்வரை சமையல் முழுக்க உன் பொறுப்பு என்று எழுதியிருந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது.

பருப்பு வேகவில்லை, இட்லி மாவு பொங்கவில்லை, ரசம் கசக்கிறது என்று நீ கேட்ட மூன்றில் முதலில் பருப்பைச் சரிசெய்துவிடு. அது குழையாவிட்டால் சாம்பார், கூட்டு, ரசம் எதுவுமே தேறாது. கும்பகோணத்தில் நான்கு விசிலில் வெந்த துவரம்பருப்பு இங்கே முழுசு முழுசாக நிற்கிறது என்கிறாய். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டரில் இருக்கிறது, அதனால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறைவுதான். ஆனால் உன் விஷயத்தில் பெரிய குற்றவாளி தண்ணீர் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் அடுக்ககத்துக்கு போர்வெல்லும் டேங்கரும்தானே? குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து பருப்பில் இருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளைப் பிடித்து இறுக்கிவிடும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் மசியாது. பருப்புக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்று.

நாலு பேருக்கு 100 கிராம் போதும். கழுவி அரை மணி நேரம் ஊறவை. பருப்பு அளந்த டம்ளரால் மூன்று பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும், வெயிட் வழியாக மஞ்சள் தண்ணீர் பீச்சாது. விசில் எண்ணுகிற பழக்கத்தை விட்டுவிடு. பெரிய தீயில் நான்கு விசில் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும், பருப்புக்கு வேண்டியது நேரம். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 12 நிமிடம் விடு, பிறகு ஆவி தானாக அடங்கட்டும். புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு பட்டுவிட்டால் பருப்பு அதற்கு மேல் வேகாது. இத்தனையும் செய்து மசியவில்லை என்றால் பாக்கெட்டின் தேதியைப் பார், பழைய பருப்பாக இருக்கும்.

இட்லி மாவு பொங்கவில்லை என்பது இங்கே டிசம்பர், ஜனவரியில் எல்லா வீட்டிலும் கேட்கிற புலம்பல். இட்லி அரிசி 4 டம்ளர், முழு வெள்ளை உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் இரண்டு மணி போதும். உளுந்தைக் கிரைண்டரில் தனியாக 25 முதல் 30 நிமிடம் ஓட்டு. தண்ணீரை மொத்தமாகக் கொட்டாதே. கல் திணறும்போதெல்லாம் ஒரு கை தெளித்து, ஒன்றரை டம்ளருக்குள் முடித்துக்கொள். முதலில் நறநறவென்று சத்தம் வரும். அது அடங்கியதும் மாவு வெளுத்து, உருளையோடு சேர்ந்து மடிப்பு மடிப்பாக ஏறி இறங்கும். ஈரக் கையால் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடு: மிதந்தால் எடுத்துவிடலாம், அமிழ்ந்தால் இன்னும் காற்று ஏறவில்லை, ஐந்து நிமிடம் ஓட்டு. மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிவிடும், ஐஸ் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அரிசியை மெல்லிய ரவைப் பதத்தில் நிறுத்தி, உப்புப் போட்டு, கையாலேயே நன்றாகக் கல.

மாவு புளித்துப் பொங்க 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஏழெட்டு மணி நேரத்தில் பாத்திரம் நிரம்பிவிடும். இங்கே குளிர்கால ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது, மேடையில் வைத்தால் 16 மணி நேரம் ஆனாலும் ஆகும். உன் ஓவனை மூட்டாமல், உள்ளே விளக்கை மட்டும் போட்டு மாவை வை. விளக்கு இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர் வைத்துக் கதவை மூடு, ஆறினால் மாற்று. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார். கரண்டியால் மெல்ல விலக்கினால் உள்ளே வலைவலையாகக் குமிழி தெரிய வேண்டும். அதைப் போட்டுக் கலக்கி அடிக்காமல், மேலாக அள்ளி இட்லிக்கு ஊற்று.

ரசம் கசப்பதற்குத் தாளிப்புதான் காரணமாக இருக்கும். பெருங்காயமோ சீரகமோ கருகினால் கசக்கும். நெய் காய்ந்ததும் கடுகு போட்டு, வெடித்து அடங்கியதும் தீயை அணைத்துவிடு. மிச்சச் சூட்டிலேயே மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் பொரிந்துவிடும். புளி 15 கிராம் போதும், இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, தக்காளி, உப்பு, மஞ்சள்தூள் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடு. பிறகு ஒரு டம்ளர் பருப்புத் தண்ணீரும், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு சீரகம் ஒவ்வொரு டீஸ்பூனும். ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வரும்போதே இறக்கு. தளதளவென்று கொதிக்கவிட்டால் வாசனை எல்லாம் ஆவியோடு போய்விடும்.

கடையில் இரண்டு விஷயம் கவனி. உருண்டு திரண்ட ஹைப்ரிட் தக்காளியில் புளிப்பு கம்மி, தள்ளுவண்டியில் 'நாட்டி', அதாவது நாட்டுத் தக்காளி, என்று கேட்டு வாங்கு. மிளகாய் வாங்கும்போது சுருங்கின பேடகியைக் கொடுத்துவிடுவார்கள். நிறம் அபாரம், காரம் குறைவு. உங்கள் வீட்டுச் சாம்பார் பொடிக்குக் குண்டூர் மிளகாய் முக்கால் பங்கு, பேடகி கால் பங்கு போட்டு அரைத்துக்கொள்.

கொஞ்ச நாளைக்குச் சாதம், பருப்பு, ரசம், ஒரு பொரியல், இவ்வளவுதான் செய், தினமும் அதையே செய். புதுசு புதுசாகத் தேடிப் போனால் கை எதிலும் படியாது. நீ கேட்ட வற்றல் குழம்பு அதற்கப்புறம். உன் குக்கர் எத்தனை லிட்டர், அலுமினியமா ஸ்டீலா என்று அடுத்த கடிதத்தில் எழுது. ஸ்டீல் என்றால் பருப்பை நேரடியாக வைக்காமல், அடியில் தண்ணீர் ஊற்றி உள்பாத்திரத்தில் வைக்க வேண்டும், நேரமும் ஐந்து நிமிடம் கூடும்.

விஜயாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி