ஒரு நாள் குறைவு: மேஜர் லீக் பேஸ்பால் உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

30 அணிகளின் உரிமையாளர்களுக்கும், ஆணையர் ராப் மான்ஃப்ரெட் அவர்களுக்கும், வீரர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2015 மார்ச் மாதம் அரிசோனாவின் மெசா நகரில், சிகாகோ கப்ஸ் அணியின் பயிற்சி மைதானத்துப் புல்மேட்டில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தோம், நானும் என் பத்து வயது மகளும். அவள் மடியில் ஒரு நோட்டு. கிரிஸ் பிரையன்ட் என்ற 23 வயது இளைஞர் பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிட்டு ஹோம் ரன் அடிக்கும்போதெல்லாம் அதில் ஒரு கோடு போடுவாள். ஊர் திரும்பிய பிறகும் செய்தி பார்த்துக் கோடு போட்டாள். மொத்தம் 9 கோடுகள், 14 ஆட்டங்களில். சீசனுக்கு முந்தைய அந்த வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் எந்த அணியிலும் வேறெவரும் அத்தனை அடிக்கவில்லை. முந்தைய ஆண்டில் டென்னசியிலும் அயோவாவிலும், மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் ஆடி 43 ஹோம் ரன் அடித்துவிட்டு வந்தவர் அவர். மேஜர் லீக் அணியில் இடம் உறுதி என்றுதான் நினைத்தோம்.

மார்ச் 30 அன்று அவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நல்லாத்தானேப்பா ஆடினாரு?" என்று கேட்டாள். ஃபீல்டிங் இன்னும் பழக வேண்டுமாம் என்று, அணி சொன்னதையே நானும் சொன்னேன். ஏப்ரல் 17 அன்று அவர் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தார். "பதினெட்டு நாள்ல என்னத்தப்பா பழகியிருப்பாரு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம் இருந்தது.

உங்கள் விதிப்படி, மேஜர் லீக் அணிப் பட்டியலில் 172 நாள் இருந்தால் அது ஓர் ஆண்டுச் சேவை. அப்படி 6 ஆண்டுகள் நிறைந்தால்தான் ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பும் அணியோடு பேரம் பேச முடியும். 2015 சீசன் ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 4 வரை, 183 நாள். முதல் 12 நாளை இழந்த பிரையன்டுக்குக் கிடைத்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளுக்காக அவருடைய விடுதலை 2020இலிருந்து 2021க்குத் தள்ளிப்போனது. ஏப்ரலில் இரண்டு வாரம் பொறுத்தால், ஆட்டம் முதிர்ந்த பருவத்தில் ஒரு முழு ஆண்டு அணிக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்த எந்த மேலாளருக்கும் அந்த ஆசை வரத்தான் செய்யும். நான் விதியைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

வீரர் சங்கம் புகார் கொடுத்தது. தீர்ப்பு வந்தது 2020 தொடக்கத்தில். அதற்குள் பிரையன்ட் ஆண்டின் சிறந்த புதுமுகம், அடுத்த ஆண்டே லீக்கின் மதிப்புமிக்க வீரர். 108 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கப்ஸ் வென்ற கோப்பையின் கடைசிப் பந்தைப் பொறுக்கி எறிந்ததும் அவர் கைதான். புகாரை விசாரித்த நடுவர் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அணி விதியை மீறவில்லை என்று ஆயிற்று. அப்படியானால் மாற வேண்டியது விதிதான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பிரையன்டுக்காக யாரும் இரக்கப்பட வேண்டாம். 2022இல் கொலராடோ அணியோடு 7 ஆண்டுகளுக்கு 18.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2020இல் அவர் சரியாக ஆடவில்லை. அந்த ஆண்டே விடுதலை கிடைத்திருந்தால் அவருக்கு அது நல்லதாக அமைந்திருக்குமா என்றுகூடக் கேட்கலாம். என்னை உறுத்துவது வேறு. அவருடைய தந்தை பாஸ்டன் அணியின் மைனர் லீக்கில் ஆடி, மேலே வராமலே நின்றுபோனவர். லாஸ் வேகஸில் வீட்டுக் கொல்லையில் வலைக்கூண்டு கட்டி மகனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அப்படி வளர்ந்த பிள்ளையை அறைக்குள் கூப்பிட்டு, உன்னிடம் இன்னும் குறை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நாள் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாய்விட்டுச் சொன்னவரும் ஒருவர் உண்டு. 2021 பிப்ரவரியில் சியாட்டில் மெரினர்ஸ் அணியின் தலைவர் கெவின் மேதர், ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில், ஜாரெட் கெலனிக் போன்ற இளைஞர்களைச் சீசன் தொடக்கத்திலேயே மேலே அழைக்கப்போவதில்லை என்பதையும், காரணம் சேவைக் கணக்கு என்பதையும் வெளிப்படையாகப் பேசினார். அந்தக் காணொளி வெளியானதும் பதவி விலகினார். அவர் போனார், கணக்கு அப்படியே இருந்தது.

நீங்கள் இரு தரப்பும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் கொஞ்சம் இறங்கிவந்தீர்கள், மறுக்கவில்லை. புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு முழு ஆண்டுச் சேவை என்றீர்கள். தகுதியுள்ள இளைஞரைத் தொடக்கத்திலேயே சேர்க்கும் அணிக்கு, அவர் சாதித்தால் டிராஃப்டில், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுச் சுற்றில், கூடுதலாக ஒரு வாய்ப்பு என்றீர்கள். அதே சியாட்டில் அணி 2022இல் ஹூலியோ ரோட்ரீகஸை முதல் நாளே களமிறக்கியது. அவர் விருதை வென்றார், அணிக்கும் அந்த வாய்ப்பு கிடைத்தது. 2024 மே மாதம்தான் பிட்ஸ்பர்க் அணிக்கு வந்த பால் ஸ்கீன்ஸுக்கும் விருதின் பேரில் முழு ஆண்டு கணக்கானது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ஆனால் மூன்றாம் இடம் பிடித்தவர்? ஒரு தொழிலாளியின் பணி ஆண்டைப் பத்திரிகையாளர்களின் வாக்குச்சீட்டு தீர்மானிப்பது எந்த ஊர் நியாயம்? டிராஃப்ட் பரிசுக்கும் அப்படித்தான்: சிறந்த நூறு இளைஞர்கள் என்று வெளியாகும் பட்டியல்களில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பையனை முன்கூட்டியே சேர்க்க அணிக்கு என்ன தூண்டுதல் இருக்கிறது?

நான் அந்தப் பையனைத்தான் அதிகம் நினைக்கிறேன். மார்ச்சில் முதுகில் எண்பதுக்கு மேல் ஏதோ ஓர் எண்ணோடு ஏழாவது இன்னிங்ஸில் மாற்று ஆளாக ஓடிவருவான். மேஜர் லீக் அணியில் இருப்பது 26 இடம்; 23 ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போட்டி. கிடைத்தாலும் நிலைக்காது. ஒரே சீசனில் 5 முறை வரை அவனைக் கீழே இறக்கிவிடலாம். அயோவாவுக்கும் சிகாகோவுக்கும் இடையே பெட்டியும் கையுமாக அலைவான். 2025இல் மேலே குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 7,60,000 டாலர்; மைனர் லீக்கின் உச்சப் படியான டிரிபிள் ஏ-யில் 2023 ஒப்பந்தம் வைத்த அளவு சுமார் 35,800 டாலர். பிரையன்டுக்கு ஒரு நாள் என்பது ஓர் ஆண்டுத் தாமதம். இவனுக்கு ஒவ்வொரு நாளும் வாடகை.

2026 டிசம்பர் 1 அன்று இப்போதைய ஒப்பந்தம் முடிகிறது. சென்ற முறை 99 நாள் கதவடைப்பு நடத்தித்தான் உடன்பாட்டுக்கு வந்தீர்கள். இம்முறை மேசையில் இதை வையுங்கள்: 172 நாள் என்பதை 90 நாள் ஆக்குங்கள். பாதி சீசன் இருந்தாலே ஓர் ஆண்டுச் சேவை. அப்போது ஒருவரைக் கீழே நிறுத்திவைக்க வேண்டுமென்றால் ஜூலை வரை நிறுத்த வேண்டும். வெல்ல நினைக்கும் எந்த அணியும் தன் சிறந்த மட்டையாளரை மூன்று மாதம் அயோவாவில் வைத்துவிட்டு ரசிகர்களுக்கு டிக்கெட் விற்க முடியாது. ஃபீல்டிங் பழக வேண்டும் என்ற சாக்கும் அவ்வளவு நாள் தாங்காது. வயதை வைத்து விடுதலை கொடுக்கலாம் என்று 2021இல் உரிமையாளர்கள் இருபத்தொன்பதரை வயதைச் சொன்னீர்கள். இருபது வயதில் மேலே வருபவருக்கு அது இழப்பு. சங்கம் மறுத்தது சரியே. ஆனால் 25 வயதில் முதல் வாய்ப்புப் பெறுபவருக்கு வயது வரம்பு உதவும். சேவையோ வயதோ, எது முதலில் நிறைகிறதோ அது என்று எழுதினால் இருவருக்கும் வழி பிறக்கும்.

சிறிய நகர அணிகளின் வாதம் எனக்குத் தெரியும். பிட்ஸ்பர்க்கும் டம்பா பேயும் நல்ல வீரர்களை வைத்திருக்க முடிவதே அந்த 6 ஆண்டுகளில்தான். உண்மைதான். ஆனால் நியூயார்க்கின் வருமானத்துக்கும் பிட்ஸ்பர்க்கின் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி உங்கள் 30 பேருக்குள் பங்கிட்டுத் தீர்க்க வேண்டிய சங்கதி. அதை 22 வயதுப் பையனின் நாட்களிலிருந்து பிடிக்காதீர்கள்.

வீரர் சங்கத்தாரே, 2022 வரை மைனர் லீக் வீரர்கள் உங்கள் உறுப்பினர்களே இல்லை. இப்போது ஆயிரக்கணக்கானோர் உங்களை நம்பிச் சேர்ந்திருக்கிறார்கள். பேரத்தின் கடைசி இரவில், மூத்த வீரர்களின் ஊதிய உச்சத்துக்காக எதையாவது விட்டுக்கொடுக்க நேரும்போது, முதலில் கழிவது இந்தப் பையன்களின் கோரிக்கையாக இருக்க வேண்டாம்.

இந்த விதி மாறும் வரையிலும் ஒன்று செய்யலாம். அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. அடுத்த மார்ச்சில் ஒரு பையனை அறைக்குள் கூப்பிட்டுக் கீழே அனுப்பும்போது, காரணம் நாள் கணக்கு என்றால் நாள் கணக்கு என்றே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிகாகோ புறநகரில் வாழும் ஒரு தமிழ் ரசிகன்