விரல் வலுவைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கிடார் பாடத்தை நானும் எட்டாவது படிக்கும் என் மகளும் சேர்ந்துதான் படிக்கிறோம். கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடிப்பது, ஸ்ட்ரம் பண்ணுவது (கம்பிகளைச் சேர்த்து வருடி மீட்டுவது) பற்றியெல்லாம் நன்றாகவே வந்திருந்தது. ஹேமர் ஆன் (இடது கை விரலைக் கம்பியில் சட்டென்று இறக்கிச் சுரம் எழுப்புவது), புல் ஆஃப் (அந்த விரலை இழுத்து விட்டுச் சுரம் எழுப்புவது) பற்றிய பாடத்தில்தான் எனக்குத் தகராறு. இடது கை விரல்களில் வலு ஏறாமல் இதைத் தொடக் கூடாது, முதல் வருடம் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பழகும் இரண்டு பிள்ளைகள், "அப்போ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன். குழுவுக்கு வாசிக்க ஆள் இல்லாமல் போனதால் நாற்பது வயதுக்கு மேல் கிடாரைத் தூக்கினேன். பெரிய வாசிப்பெல்லாம் கிடையாது. ஆனால் விரல் வலு என்றால் என்ன என்று தினமும் பார்க்கிறேன். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிற ஒரு தம்பி, ஆசையாக என் கிடாரை வாங்கி ஹேமர் ஆன் போட்டுப் பார்த்தான். அழுத்தோ அழுத்தென்று அழுத்தினான், சத்தமே எழும்பவில்லை. ஈர்க்குச்சி மாதிரி விரல் வைத்திருக்கும் என் மகள் அதே கிடாரில் அதே இடத்தில் கணீரென்று எழுப்பினாள். வலுதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

ஹேமர் ஆனில் நடப்பது இவ்வளவுதான். கம்பியை ஒரு தடவை மீட்டுகிறோம். அந்த ஒலி அடங்குவதற்குள் இடது கையின் இன்னொரு விரல் அதே கம்பியில் ஓரிரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தள்ளி இறங்குகிறது. வலது கை சும்மா இருக்க, இரண்டாவது சுரம் பிறக்கிறது. கம்பி ஃப்ரெட்டில் போய் மோதும் வேகம்தான் அதை மறுபடி அதிர வைக்கிறது. மெதுவாக வந்து உட்கார்ந்த விரல் எத்தனை பலமாக அழுத்தினாலும் பயனில்லை, விரல் நுனிச் சதை இருக்கிற அதிர்வையும் விழுங்கிவிடும். விரல் விழும் இடமும் முக்கியம். ஃப்ரெட் பட்டையை ஒட்டி, கிடாரின் தலைப் பக்கமாக விழ வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவில் விழுந்தால் பாதிச் சத்தம்தான் வரும். விரலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கவும் வேண்டாம். கிட்டத்திலிருந்தே சட்டென்று, நுனியால் இறக்கினால் போதும். கொசுவை அடிக்க யாரும் தண்டால் எடுத்துவிட்டு வருவதில்லையே!

புல் ஆஃப் பற்றி விரலை எடுத்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நேராக மேலே தூக்கினால் சுரம் பூனைக்குட்டி அளவுக்குக்கூடக் கேட்காது. விரல் கிளம்பும்போது தரைப் பக்கமாக லேசாகக் கொக்கி போட்டு இழுத்து விட வேண்டும். அதாவது இங்கே இடது கை விரலே கம்பியை மீட்டுகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பாடம் சொல்லவே இல்லை: கீழே வந்து சேர வேண்டிய சுரத்தில் இன்னொரு விரல் முன்கூட்டியே பிடித்துக் காத்திருக்க வேண்டும். அந்த விரல் அசையாமல் நிற்கவில்லையென்றால் கம்பி பக்கவாட்டில் இழுபட்டு சுருதி ஏறிவிடும். முதல் கம்பியில், அதாவது தரைப் பக்க ஓரத்தில் இருக்கும் மெல்லிய கம்பியில், இன்னும் கவனம் தேவை. வேகமாக இழுத்தால் கம்பியே கழுத்தின் ஓரத்தைத் தாண்டி வழுக்கிப் போகும்.

பழகும் இடமாக அவர்கள் சொன்னது முதல் ஃப்ரெட். புதிதாகக் கற்பவருக்கு அதைவிடச் சிரமமான இடம் கிடையாது. அங்கே ஃப்ரெட்டுகளின் இடைவெளி அகலம், நட்டுக்கு (கழுத்தின் தலைப் பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பக்கத்தில் கம்பி விறைப்பாகவும் இருக்கும். மூன்றாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்து, ஏழாம் ஃப்ரெட்டில் மோதிர விரலை இறக்கச் சொல்லுங்கள். சி சுரத்திலிருந்து டி சுரம். பிறகு அதே விரலை இழுத்து விட்டால் திரும்ப சி. போனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தால் போதும். எல்லோருக்கும் இரண்டாவது சுரம் அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடும், அதை இரண்டு தட்டுக்கும் சரிநடுவில் உட்கார வைப்பதுதான் உண்மையான வேலை.

இதை முதல் மாதமே பாட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு எங்கள் குழுவே சாட்சி. ஏ மைனர் கார்டைப் பிடித்துக்கொண்டு நடுவிரலை மட்டும் எடுத்து, நான்காம் கம்பியை வெறுமனே மீட்டி, உடனே அந்த விரலை இரண்டாம் ஃப்ரெட்டில் இறக்கிப் பாருங்கள். வெறும் ஸ்ட்ரம்மாக இருந்தது பாட்டாக மாறும். ராக் கச்சேரி வித்தை என்று இதை ஒதுக்கவும் முடியாது. ஸ்பானிஷ் கிடாரில் லிகாடோ என்று ஆரம்பப் பாடங்களிலேயே வருகிறது. சிதார்காரர்கள் கிருந்தன் என்று இதே மாதிரி இடது கை விரலால் கம்பியை இழுத்துச் சுரம் எழுப்புகிறார்கள்.

சரி, இவ்வளவு செய்தும் சத்தம் வராத பிள்ளைகள் இருக்கிறார்களே என்றால், அவர்களுடைய கிடாரைப் பாருங்கள். மகளுக்குச் சேலத்தில் ஒரு கடையில் வாங்கிய கிடாரில் ஹேமர் ஆன் சுத்தமாக எழும்பவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்க் கேட்டால், "பாப்பாவுக்கு விரல் பழகணும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவளுடைய பள்ளி ஸ்கேலை எடுத்துப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஃப்ரெட்டின் உச்சிக்கும் ஆறாவது கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 4 மி.மீ.க்கு மேல் இருந்தது. ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடாருக்கு இது சுமார் 2.5 மி.மீ. இருந்தால் நல்லது, முதல் கம்பிக்கு 2 மி.மீ.க்குள். நைலான் கம்பிக் கிடாருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். கம்பி அவ்வளவு மேலே நின்றால், விரல் அதைக் கீழே தள்ளி முடிப்பதற்குள் வேகம் எல்லாம் செத்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைச் சரிசெய்து கொடுத்தார். முதலில் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைக் கால் திருப்பு திருப்பிக் கழுத்தின் வளைவைச் சரிபார்த்தார். அப்புறம் பிரிட்ஜில் (உடல் பலகையில் கம்பிகள் மாட்டியிருக்கும் கட்டை) இருக்கும் வெள்ளைத் துண்டை, சேடில் என்பார்கள், எடுத்து அதன் அடியைத் தேய்த்தார். அங்கே 2 மி.மீ. குறைத்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 1 மி.மீ.தான் குறையும், அதனால் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்துப் பொறுமையாகச் செய்தார். தடிமனான 12 கேஜ் கம்பியைக் கழற்றி மெல்லிய 10 கேஜ் போட்டார். அன்று சாயங்காலமே மகளுக்குச் சுரம் எழும்பியது. மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் விரலுக்கு வலு ஏறியிருக்காது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மழையும் மூடுபனியுமான மாதங்களில் கிடாரின் மேல் பலகை ஈரத்தை இழுத்து உப்பும், கம்பி தானாகவே உயரும். அதே கிடாரைச் சித்திரை வெயிலில் சேலத்தில் வைத்தால் மரம் காய்ந்து சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். நான் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். ஓரளவுக்குத் தாங்குகிறது.

ஆகவே அடுத்த வாரப் பகுதியில் ஆக்‌ஷனை அளக்கும் முறையை ஒரு படத்தோடு போடுங்கள். வலு பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிடுங்கள். டேபில் (எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று காட்டும் கிடார் குறிப்பு) ஹேமர் ஆனுக்கு எச், புல் ஆஃபுக்கு பி என்று எழுத்தை மட்டும் அச்சிட்டால் புதியவருக்குப் புரிவதில்லை. மேலே போடும் வளைகோடு எதற்கு, எந்த விரல் என்பதையும் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டுக் காட்டினால் உதவியாக இருக்கும்.

பாடம் எழுதுகிறவரிடம் ஒரு சந்தேகமும் உண்டு. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் டிரில் (இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக எழுப்புவது) நன்றாகவே வருகிறது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போட்டால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு இரண்டுமே தடுமாறுகின்றன. அந்த இரண்டுக்கும் தனியாகப் பயிற்சி ஏதாவது இருந்தால் அதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு காபித் தோட்டக் கணக்கர்,
நாகலூர், ஏற்காடு.