சர்வர் இல்லாத சாட் செயலி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

போனுக்குப் போன் நேரே பேசும் செயலி ஒன்றை எங்கள் அடுக்ககத்தில் ஆசையாகப் போட்டோம். ஒரு நாள் மாலை 6:00 மணிக்கு ஒருவர் "மோட்டார் போடுங்க" என்றார். 6:06-க்கு மேல்வீட்டு அக்கா, "தொட்டி நிறைஞ்சாச்சு, நிறுத்துங்க" என்றார். அக்கா போனில் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால். செயலி அவர் செய்தியை 5:56 என்று எடுத்துக்கொண்டு மேலே ஏற்றிவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் பார்த்தபோது கடைசி வரியில் இருந்தது "மோட்டார் போடுங்க". படிக்கட்டு வழியே தண்ணீர் இறங்கியது.

கடிகாரத்தைச் சரியாக வையுங்கள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். பேட்டரி அடியோடு தீர்ந்தால் சில பழைய போன்கள் 1970 ஜனவரி 1, காலை 5:30-க்குத்தான் கண்விழிக்கும். கணினிகள் நொடிகளை எண்ணத் தொடங்கும் புள்ளி, அதாவது யுனிக்ஸ் நேரத்தின் பூஜ்யம், நம்மூரில் அது.

கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். மணி பார்க்காதே, எண்ணு. அதுவரை பார்த்ததிலேயே பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி உன் செய்தியில் போடு. "போடுங்க" 41 என்றால், அதைப் படித்துவிட்டு அக்கா எழுதியது 42. கடிகாரம் எப்படி இருந்தால் என்ன?

எண்ணிலும் பொய் சொல்லலாமே என்பீர்கள். சரி, அதனால்தான் பார்த்த செய்திகளின் ஹாஷையும் (செய்தியிலிருந்தே கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற எண்) சேர்க்கச் சொல்கிறேன். இன்னும் எழுதப்படாத செய்தியின் ஹாஷை யாராலும் முன்கூட்டிப் போட முடியாது. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில், கமிட் எனப்படும் ஒரு பதிவின் தேதியை 1999 என்று மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் அது எந்தக் கமிட்டுக்குப் பிறகு வந்தது என்பதை ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும். பிட்காயினும் கடிகாரத்தை அளவோடுதான் நம்புகிறது. பிளாக் எனப்படும் பரிவர்த்தனைத் தொகுப்பின் நேரம் முந்தைய 11 பிளாக்குகளின் இடைநிலை நேரத்தைத் தாண்டியிருக்க வேண்டும், சரிபார்க்கும் கணினியின் நேரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னால் ஓடக் கூடாது. நடுவில் என்ன போட்டாலும் கேள்வி இல்லை. வரிசையைக் காப்பது, ஒவ்வொரு பிளாக்கும் முந்தையதின் ஹாஷைச் சுமக்கும் ஹாஷ் சங்கிலி.

ஒன்றையொன்று பார்க்காமல் இருவர் அனுப்பிய செய்திகளுக்கு மட்டும் முன்பின் கிடையாது. அங்கே நீங்களாக ஒரு வரிசையைக் கற்பிக்காமல், பக்கத்தில் ஒரு சிறு குறி போடுங்கள்.

அப்புறம், நேரத்தை மறைக்க வேண்டாம். இப்படிக் காட்டுங்கள்: "அனுப்பியவர் போனில் 5:56. உங்களுக்கு வந்தது 6:06."

இப்படிக்கு,
அன்று படிக்கட்டைத் துடைத்தவன்