கேட்காமல் எடுத்தவரிடம் கேட்க முடியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய தங்கள் கட்டுரையில், நம் விவரங்களை யார் வைத்திருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கச் சொல்லலாம் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த 'யார் வைத்திருந்தாலும்' என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஒரு மில்லின் பணியாளர் பிரிவில் 26 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். ஒரு தொழிலாளியின் கோப்பில் மருத்துவச் சான்று முதல் மேஸ்திரி பென்சிலில் கிறுக்கிய குறிப்பு வரை எல்லாம் சேரும். இன்ஷியல் ஒன்று மாறியதால் வைப்பு நிதிப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'எம்' என்பதை 'என்' என்று எழுதிய கை சில வேளைகளில் என் கைதான். அந்தக் கோப்புகள் இப்போது கணினிக்குப் போய்விட்டன; கைரேகையும் சேர்ந்துகொண்டது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விவரங்களைக் கையாள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 6ஆம் பிரிவின்படி நம் ஒப்புதலைப் பெறுவது. மற்றொன்று, 7ஆம் பிரிவு அடுக்கும் 'நியாயமான பயன்பாடுகள்': அரசின் மானியம், சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு, மருத்துவ அவசரம், பேரிடர், கடைசியாக வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகள். இவற்றுக்கு ஒப்புதல் வேண்டியதில்லை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. வெள்ளத்தில் தத்தளிப்பவரிடம் படிவம் நீட்ட முடியுமா?

சிக்கல் 11, 12ஆம் பிரிவுகளில் இருக்கிறது. விவரத்தைக் கேட்டுப் பார்ப்பதும், திருத்தவும் அழிக்கவும் கோருவதும் 'முன்னர் ஒப்புதல் அளித்த' விவரங்களுக்கு மட்டுமே என்கின்றன அவை. நாமே முன்வந்து கொடுத்த விவரமும் அதில் அடங்கும், மற்றவை அடங்கா. துணிக்கடையில் கொடுத்த கைபேசி எண்ணை நீக்கச் சொல்லலாம். ஒப்புதல் கேட்காமலே முதலாளி சேர்த்து வைத்திருப்பதைக் காட்டச் சொல்ல இந்தச் சட்டம் துணைக்கு வராது. கேட்டு வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும், கேட்காமல் எடுத்தவர் சொல்ல வேண்டாம் என்றால், இது தலைகீழாக இல்லையா?

ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் விவரம் சரியாக இருக்க வேண்டும் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது, 13ஆம் பிரிவின்படி குறைதீர்ப்புக்கு வழி உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் ஏட்டைப் பார்க்காமல் பிழை இருப்பதை எப்படி அறிவது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலும் எல்லா உரிமைகளும் எல்லா இடத்திலும் கிடைத்துவிடுவதில்லை. சட்டக் கடமைக்காக வைத்திருக்கும் விவரத்தை அழிக்கச் சொல்ல முடியாது. விவரங்களை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை ஒப்புதலுக்கும் ஒப்பந்தத்துக்கும் மட்டுமே. பொதுப்பணியின் பெயரிலோ நிறுவனத்தின் சொந்த நலனுக்காகவோ கையாண்டால் ஆட்சேபிக்கலாம். ஆனால் பார்க்கவும் திருத்தவும் உள்ள உரிமையை அவர்கள் ஒப்புதலோடு முடிச்சுப் போடவில்லை. சில விலக்குகள் உண்டு. பொது விதி அதுவே.

அழிக்கும் உரிமையை எங்கும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொழிலாளி சொன்னார் என்று சம்பளப் பதிவேட்டை அழித்துவிட்டால் நாளை கிராஜுவிட்டி வழக்கில் அவருக்கே சான்று இருக்காது. பார்ப்பதும் திருத்துவதும் வேறு. அந்த இரண்டை மட்டுமாவது ஒப்புதல் நிபந்தனையிலிருந்து விடுவிக்க வேண்டும்.

விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்த உரிமைப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் என்று காலம் வைத்திருக்கிறார்கள். திருத்தம் கேட்க வேண்டியது அதற்குள்தான். நம் மக்களவை உறுப்பினர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தங்கள் நிருபர்கள் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
கோயம்புத்தூர்.